பீரோ சந்தின் பெயர்க்காரணம்

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர், எங்கள் சந்துப் பக்கம் கைகாட்டித் தன்னோடு வந்தவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இங்க ஒரு காலத்துல பெரிய பீரோ கம்பெனி இருந்துச்சு. கப்பல் கப்பலா ஏத்தி அனுப்புவாங்க. முதலாளி நொடிச்சுப் போயிட்டாரு. பேரு மட்டும் நின்னுபோச்சு, பீரோ சந்துன்னு." கூட வந்தவர் ஆச்சரியமாகத் தலையாட்டினார். பிறகு இருவரும் திரும்பி, நானும் கேட்டேனா என்று பார்த்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? "அப்படியாங்க!" என்றேன்.

இது ஒன்றும் புதிதில்லை. கருமி ஒருவன் நகையை எல்லாம் பீரோவில் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டான் என்று ஒரு கதை. பெண்ணைப் பார்க்க வந்த காதலன், அப்பன்காரன் வந்ததும் பீரோவுக்குள் ஒளிந்தான் என்று இன்னொன்று. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் முடிவெட்டுபவர். காதலனின் மீசை வரைக்கும் வர்ணித்தார். எல்லாக் கதையிலும் யாராவது கொஞ்சம் கௌரவமாகத்தான் இருக்கிறார்கள். நடந்ததில் மட்டும் அப்படி யாரும் இல்லை. நடந்ததில் இருந்தது நான்.

என் தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. கட்டில், மேசை, அலமாரி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரு வீட்டிலிருந்து தூக்கி இன்னொரு வீட்டில் வைப்பது. ஊரில் நான் ஏறாத மாடி இல்லை, நுழையாத தெரு இல்லை. அதனால் இந்த ஊர்க்காரர்கள் பெயர் வைக்கிற லட்சணமும் எனக்கு அத்துப்படி. புதுத்தெரு என்பதுதான் இருப்பதிலேயே பழைய தெரு. தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்பில் தொட்டி இல்லை. இடித்து எத்தனையோ காலம் ஆயிற்று, ஆனாலும் "தொட்டிக்கிட்ட எறக்கி விடுங்க" என்றுதான் கேட்பார்கள். இரட்டை மரத்தில் ஒரு மரமும் இல்லை. இருந்தது போன பிறகும் பெயர் போகாது என்பதை மற்ற இடங்களில் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். எனக்கென்று வந்தபோதுதான் சிரிப்பு வரவில்லை.

அப்போது நான் இளைஞன். கைப்பலம், வாய்ப்பலம் இரண்டும் உண்டு, இரண்டாவது கொஞ்சம் கூடுதல். என்னோடு வேலை பார்த்தவனை ஒட்டகம் என்று கூப்பிடுவோம், அவ்வளவு உயரம். இந்தச் சந்தில் ஒரு வாத்தியார் குடிவந்தார். அவருடைய புத்தகங்களை வைக்கிற மர பீரோவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சந்து ஒருபக்கம்தான் திறப்பு, மறுபக்கம் சுவர். நடுவில் ஒரு வளைவு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: பொருளைத் தூக்குவதற்கு முன்னால், வெறுங்கையோடு வழி முழுக்க ஒருதரம் நடந்து, இடுப்பு, தோள், தலை என்று மூன்று இடத்தில் கயிறு பிடித்து அளக்க வேண்டும். ஒட்டகம் கயிற்றை எடுத்தான்.

"அண்ணே, ஒரு தடவை பிடிச்சுப் பாத்துடலாம்."

"எடுத்து உள்ள வைடா. என் கண்ணை விடவா உன் கயிறு?" என்றேன்.

முன்னால் பிடிக்கிறவன் பின்பக்கமாக நடக்க வேண்டும். பொருளைப் பார்த்தபடியே போக வேண்டும், வழியை முதுகால் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இடம் எப்போதும் எனக்குத்தான். அப்படியே போய் வளைவில் பீரோவைச் சாய்த்துத் திருப்பினோம். இடுப்பளவில் தாராளமாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே ஒரு வீட்டு ஜன்னலின் கீழ்விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பீரோவின் மேல்மூலை அதன் அடியில் போய்ச் சொருகிக்கொண்டது, அடிப்பாகம் எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டது. தள்ளினால் போகவில்லை, இழுத்தால் வரவில்லை. ஒட்டகம் வெளிப்பக்கம். நான் உள்பக்கம். என்னோடு உள்ளே இருந்தது வேலைக்குக் கிளம்பிய மொத்தச் சந்தும்.

காலை நேரம் வேறு. பையும் குடையுமாக ஒவ்வொருவராக வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். முதலில் "என்னப்பா?" என்றார்கள். அப்புறம் "என்னய்யா?" என்றார்கள். அதற்கப்புறம் சொன்னதை எழுத முடியாது. பீரோவை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். வாத்தியார் பீரோவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வெட்டினா என்னை வெட்டின மாதிரி!" என்று கத்தினார். நான் அந்த மரத்தோடு மரமாய் ஒட்டிக்கொண்டு, எதையோ கணக்குப் போடுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் ஒன்றுமே ஓடவில்லை.

அப்போதுதான் கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். துணி தைப்பவள், கழுத்தில் அளவுநாடா. நிலைமையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"பீரோவுக்குக் கதவு எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்தான்."

"அப்ப கதவைத் திறந்து, பின்பலகையைக் கழட்டிட்டா வழி வந்துடாதா?"

அவள் தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் திருப்புளியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தட்டுகளை உருவினேன், பின்பலகையைக் கழற்றினேன். பிறகு சந்தே ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, பீரோவுக்குள் நுழைந்து, அந்தப் பக்கமாய் வெளியேறி வேலைக்குப் போயிற்று. போகிறபோது ஒவ்வொருவரும் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். சாயங்காலம் கொத்தனார் வந்து ஜன்னல் விளிம்பைக் கொத்திய பிறகுதான் பீரோ அசைந்தது. அதற்குள் அதன் வழியாக வேலைக்குப் போனவர்கள் அதன் வழியாகவே வீடும் திரும்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அது பீரோ சந்து.

வேறு ஒருவனாக இருந்தால் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்கமாட்டான். நான் என்ன செய்தேன்? திருப்புளியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். அப்புறம் சட்டை தைக்கப் போனேன். என்னிடம் அத்தனை சட்டை எப்போதும் இருந்ததில்லை. கடைசியில் அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்டு, அவளுக்கென்று இருந்த அந்த வீட்டுக்கே குடிவந்தேன். எந்த இடத்தில் மானம் கப்பலேறியதோ அதே இடத்துக்கு மாப்பிள்ளையாகப் போனவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மாமனார் என்னை அறிமுகப்படுத்துவது எப்படித் தெரியுமா? "இவர்தான் நம்ம மாப்பிள்ளை. பீரோ மாப்பிள்ளை."

பெயரோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. சொல்லாகவே கிளம்பிவிட்டது. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் எது நின்றாலும் எங்கள் பக்கத்தில் "பீரோ ஆயிடுச்சு" என்பார்கள். ரோட்டில் வண்டிகள் நின்றால் பீரோ. கல்யாணப் பேச்சு பாதியில் நின்றால் பீரோ. பக்கத்து வீட்டுப் பெண் ஃபோனைத் தட்டிக்கொண்டே, "படம் பாதியில பீரோ ஆயிடுச்சு மாமா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று என்னிடமே வந்து நின்றாள். அவளுக்கு அது யாருடைய பீரோ என்று தெரியாது.

வாத்தியார் ஆறுதல் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பார். "மாப்பிள்ளை, பீரோங்கிற சொல்லே வெளியூர்ச் சரக்கு. அது கிளம்பின இடத்துல அதுக்கு எழுதற மேசைன்னு அர்த்தம். மேசை போட்டிருக்கற ஆபீசுக்கும் அதே பேருதான். நம்மகிட்ட வந்து சேர்றதுக்குள்ள அலமாரியா மாறிடுச்சு. சொல்லே வழியில இடிபட்டுத்தான் வந்திருக்கு. நீங்க எதுக்கு வருத்தப்படறீங்க?" எனக்கு இது ஆறுதலாகவே இல்லை. மேசையாகவே நின்றிருக்கக் கூடாதா? மேசை என்றால் அந்த வளைவில் சுலபமாகத் திரும்பியிருக்கும்.

தலை நரைக்கத் தொடங்கியதும் எனக்கு ரோஷம் அதிகமாயிற்று. இத்தனை காலம் தாங்கியவன் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாம், ஆனால் புத்தி அப்படிப் போகவில்லை. நகராட்சியில் போய் விசாரித்தேன். குடியிருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டால் பெயரை மாற்றலாம் என்றார்கள். நல்ல பெயராக யோசித்தேன். பூங்காற்றுச் சாலை! சந்தில் பூவும் கிடையாது, காற்றும் கிடையாது, சாலை என்று சொல்ல அகலமும் கிடையாது. அதனாலென்ன? வீடு வீடாக ஏறி இறங்கினேன். வாத்தியார்கூடச் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். ஒரே ஒரு ஆள் போடமாட்டேன் என்றது. என் மனைவி.

"ஏன் போட மாட்டே?"

"எனக்கு இந்தப் பேரே பிடிச்சிருக்கு."

"ஊரே சிரிக்குதுடி."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. யார் வீட்டுக் காசு?" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியாது. அதற்காகத்தான் மிதித்தாள் என்றும் எனக்குத் தெரியும்.

அவள் போடாமலேயே பலகை வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து. அன்றிலிருந்து நான் பிடித்த பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை. யாராவது பழைய பெயரைச் சொன்னால் காது கேட்காதவன் மாதிரி நிற்பேன். சாமான் கொண்டுவருகிற கடைக்காரர் "பீரோ சந்துதானே?" என்றால் ஃபோனை வைத்துவிடுவேன், சாமானும் வராது. என் நாக்கையே பழக்கினேன். பல் தேய்க்கும்போதுகூடப் பூங்காற்றுச் சாலை, பூங்காற்றுச் சாலை என்று சொல்லிப் பார்ப்பேன். ஊரில் வேறு ஒரு ஜீவன்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. நான் ஒருவன் சொன்னேன், அந்தப் பலகை சொல்லிற்று.

ஒரு மத்தியானம். நான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. நூல் மாற்றுகிறாள் என்று நினைத்தேன். "என்னங்க" என்றாள். அந்தக் குரல் அவளுடையதாக இல்லை. போய்ப் பார்த்தால் மெஷின் மேலேயே சாய்ந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை, ஒரு கை நெஞ்சில். மெல்லத் தரையில் உட்காரவைத்து, சுவரில் சாய்த்தேன். இடது கை மரத்துப்போகிறது என்றாள்.

ஆம்புலன்சுக்கு ஃபோன் போட்டேன். இடம் கேட்டார்கள். "பூங்காற்றுச் சாலை, கடைசி வீடு" என்றேன். பழக்கிய நாக்கல்லவா, சரியாகச் சொல்லிற்று. கொஞ்ச நேரத்தில் டிரைவரே கூப்பிட்டார்.

"சார், பூங்காற்றுச் சாலை எங்க இருக்கு? மெயின் ரோட்டுல எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், யாருக்கும் தெரியல."

"பேப்பர் கடை தாண்டி… பலகை இருக்குமே, நீலப் பலகை!"

"எதிர்ல லாரி நிக்குது சார், ஒரு பலகையும் தெரியல. ஃபோன்ல தேடினா வேற ஊரைக் காட்டுது. பழைய பேர் ஏதாவது இருக்கா?"

ஒரு நொடி நான் பேசவில்லை. அவள் தரையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள், நான் பேசவில்லை. நாக்கு எழவில்லையா, ரோஷம் பிடித்துக்கொண்டதா, இன்றுவரை எனக்கே தெரியாது. அந்த ஒரு நொடியை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். அவள்தான் கண்ணைத் திறந்தாள்.

"பீரோ சந்துன்னு சொல்லித் தொலைங்க…"

"பீரோ சந்து!" என்று அலறினேன். "பீரோ சந்துங்க! பீரோ சந்து!"

"அட, பீரோ சந்தா? அதோட வாசல்லதான் சார் நிக்கறேன்! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" ஃபோனில் கேட்ட குரலே சந்து வாசலிலிருந்தும் கேட்டது.

டிரைவரும் ஒரு நர்ஸம்மாவும் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். வளைவைப் பார்த்ததும் அது திரும்பாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதில் எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? "ஸ்ட்ரெச்சரை வெளியவே வைங்க, நாற்காலியில தூக்கலாம்" என்றேன். நர்ஸம்மா சரி என்றார். அவளைக் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு புடவையால் சேர்த்துக் கட்டினோம். டிரைவர் பின்னால் பிடித்தார். முன்பக்கம் என்னுடையது. பின்பக்கமாக நடந்தேன்.

வாழ்நாள் முழுக்க இப்படி எத்தனையோ சாமான் தூக்கியிருக்கிறேன். அவள் முகம் என் முகத்துக்கு நேரே. கண்ணை மூடினால் திற என்று சொல்ல வேண்டும் என்றார் நர்ஸம்மா. நான், "ஏய், என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே போனேன். வளைவு வந்தது. நாற்காலியைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அளந்தீங்களா?" என்றாள்.

டிரைவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே திரும்பினோம், எங்கேயும் இடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கூப்பிட்டுச் சொல்ல யாரும் இல்லை, கூப்பிட்டு அழவும் யாரும் இல்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று யோசித்தேன். ஒன்றும் இல்லை. காப்பி போடக்கூடத் தெரியாது. இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, எடுத்தாயிற்று, இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் வந்து சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரே மெதுவாக உருவிக்கொண்டார்.

மறுநாள் வார்டில் அவளைப் பார்த்தேன். முகம் சுருங்கிப்போயிருந்தது, வாய் சுருங்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? எனக்குள்ளயும் ஒரு பீரோ மாட்டிக்கிட்டு இருந்துச்சாம்."

"அவர் அப்படியா சொன்னாரு?"

"அவர் என்னமோ இங்கிலீஷ்ல சொன்னாரு. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

நான் அவள் காலருகே உட்கார்ந்தேன். "நாளைக்கே போய் அந்தப் பலகையைப் பிடுங்கிடறேன்" என்றேன்.

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும். அதை யாரு படிக்கப் போறாங்க?"

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"நான் ஏன் கையெழுத்துப் போடலேன்னு நீங்க ஒருநாளாவது உக்காந்து கேட்டீங்களா?" என்றாள். "சண்டை போட்டீங்க. கேக்கல."

"சரி, இப்பக் கேக்கறேன்."

"நமக்குப் பின்னால நம்மளைச் சொல்ல யாருங்க இருக்கா? பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்ல. நான் தைச்ச துணியெல்லாம் கிழிஞ்சு போயிருக்கும். நீங்க தூக்கினதை எல்லாம் வேற யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து இந்த ஊருக்குக் கொடுத்தது அந்த ஒரு பேருதான். நாம செத்த அப்புறமும் யாராவது பஸ்ல 'பீரோ சந்து எறங்கணும்'னு சொல்லுவாங்க. அதுல நீங்களும் இருப்பீங்க, நானும் இருப்பேன். அதை அழிக்கறதுக்கு என்கிட்டயே வந்து கையெழுத்துக் கேக்கறீங்க."

இத்தனை வருஷமாக எனக்கு வந்த அவமானம் என்று நான் எதைச் சுமந்துகொண்டிருந்தேனோ, அதைத்தான் இவள் எங்கள் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்தில் படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. முட்டாள் என்றால் என்னைப்போல் முட்டாள் கிடையாது. அவள் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"போதும், எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த கட்டிலில் இருந்த அம்மா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவளிடம் பேச்சுக்கொடுத்தார்.

"நீங்க பீரோ சந்தாம்மா? என் தங்கச்சி வீடு அந்தப் பக்கம்தான். ரொம்ப நாளா நினைச்சுக்குவேன், அதுக்கு ஏன் அப்படி ஒரு பேரு?"

என் மனைவி வாயைத் திறந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை அந்த அம்மா பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீ சும்மா இரு, இப்ப நீ பேசக் கூடாது. நான் சொல்றேன்" என்றேன். "அம்மா, அந்த பீரோவை அங்க மாட்டவெச்சது நான்தாங்க. கழட்டி வழி விட்டது இவ."